நாடகத்தைக் கண்காணித்த ஏடு

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க் நகரத்தில், ஆண்டுக்கு ஒரு நாள், தொழிற்குழுக்கள் எல்லாம் கூடி உலகம் உண்டானது முதல் பொதுத்தீர்வை வரை தெருவிலேயே நடித்துக் காட்டின. கில்டு என்று அழைக்கப்பட்ட அந்தக் குழு ஒவ்வொன்றிடமும் அதனதன் நாடகத்தின் படி ஒன்று இருந்தது. 1463-க்கும் 1477-க்கும் இடையில் நகர மன்றம் அந்தப் படிகளை எல்லாம் கேட்டு வாங்கி, ஒரே தடித்த தோல் ஏட்டில் நகலெடுக்க வைத்தது. இன்று அது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தின் கூடுதல் கையெழுத்துப் படிகள் வரிசையில் 35290 என்ற எண்ணோடு இருக்கிறது. யார்க் பதிவேடு என்று ஆய்வாளர்கள் அதைச் சொல்கிறார்கள்.

நாற்பத்தேழு நாடகங்கள் அதில் இருக்கின்றன. எழுதிய கவிஞர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஒவ்வொரு நாடகத்தின் தலைப்பிலும் இருப்பது அதை நடத்திய தொழிலின் பெயர்தான்.

இந்த நாடகம் ஏட்டைவிட மிகப் பழையது. 1376-ல் யார்க் நகரக் கணக்கில் ஒரு கட்டடத்துக்கான வாடகை வரி வருகிறது. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவுக்கான மூன்று நாடக வண்டிகள் அங்கே நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. இந்த நாடகத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் செய்தி இந்த வாடகைதான். தொடங்கிவைத்தவர் யார், முதல் ஆண்டு கூட்டம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல யாரும் இல்லை. வண்டி நிறுத்திய கொட்டகைக்குக் கொடுத்த காசு மட்டும் பேசுகிறது. பழைய ஆங்கில நாடகத்தைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வரவு செலவுகளிலிருந்துதான் வந்திருக்கிறது.

விழா மே மாதக் கடைசியிலோ ஜூனிலோ வரும். நடிகர்கள் விடியற்காலை நாலரை மணிக்கே வண்டியில் தயாராக இருக்க வேண்டும் என்பது 1415-ஆம் ஆண்டு அறிவிப்பு. மிக்கிள்கேட் தெருவில் இருந்த பரிசுத்த திரித்துவ மடத்து வாசலில் முதல் நிறுத்தம். அங்கே முதல் வண்டி நின்று நடித்து முடித்துவிட்டு நகர, அடுத்த வண்டி அந்த இடத்துக்கு வரும். இப்படிப் பன்னிரண்டு நிறுத்தங்கள். கடைசி நிறுத்தம் பேவ்மென்ட் என்ற சந்தைத் திடல். நிறுத்தம் தன் வீட்டு வாசலில் அமைய வேண்டும் என்று வசதியுள்ளவர்கள் போட்டி போட்டார்கள். வாசலில் மேடை போட்டு, உட்காரக் காசு வாங்கலாம். அந்த வசூலில் மூன்றில் ஒரு பங்கு நகரத்துக்குச் சேர வேண்டும் என்று 1417-ல் மன்றம் விதித்தது.

எந்தத் தொழிலுக்கு எந்தக் கதை என்பதில் ஒரு நுட்பம் இருந்தது. கப்பல் கட்டுபவர்களுக்கு நோவாவின் பேழை. மீனவர்களுக்கும் மாலுமிகளுக்கும் பெருவெள்ளம். ரொட்டி சுடுபவர்களுக்கு இயேசுவின் கடைசி இராவுணவு. பொற்கொல்லர்களுக்குப் பொன்னும் தூபமும் கொண்டுவரும் ஞானிகள். கசாப்புக்காரர்களுக்குச் சிலுவைச் சாவு. ஊசியும் ஆணியும் செய்தவர்களின் குழுவுக்குச் சிலுவையில் அறைதல்.

அந்தக் கடைசி நாடகத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். நான்கு படைவீரர்கள் வேலைக்கு வருகிறார்கள். அவர்களுடைய பேச்சில் பக்தியும் இல்லை, குரோதமும் பெரிதாக இல்லை. வேலை நடக்கிறது, அவ்வளவுதான். சிலுவை மரத்தில் துளைகள் தவறான தூரத்தில் போடப்பட்டிருக்கின்றன. கை துளைக்கு எட்டவில்லை. யார் அளவெடுத்தது என்று ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். கயிறு கட்டி, உடலை இழுத்து, துளைக்குப் பொருத்துகிறார்கள். பிறகு மரத்தைத் தூக்கும்போது தோள் நோகிறது, மூச்சு முட்டுகிறது என்று புலம்புகிறார்கள். மரத்தைக் குழியில் இறக்கினால் ஆடுகிறது. ஆப்பு வைத்து இறுக்குகிறார்கள். வாழ்நாளெல்லாம் ஆணி அடித்தவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு இவ்வளவு சரியாக வரும். பார்த்துக்கொண்டிருந்த ஊராருக்கோ, ஒரு கொலை எப்படி ஒரு சாதாரண நாள் வேலையாக நடந்து முடிகிறது என்பது கண் முன்னே தெரிந்திருக்கும். இதை எழுதியவரின் பெயர் கிடைக்காமல் போனது ஆங்கில இலக்கியத்துக்கு நேர்ந்த பெரிய இழப்புகளில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

ஏடு உருவான காலத்தில் மன்றம் நாடகத்தைக் கறாராக நடத்தத் தொடங்கியிருந்தது. 1476 ஏப்ரலில் ஓர் ஆணை வந்தது: நடிப்பில் தேர்ந்த நால்வர் எல்லா நடிகர்களையும் முன்கூட்டிச் சோதித்து, குரலோ உடலோ திறமையோ போதாதவர்களை விலக்க வேண்டும், ஒருவர் அன்றைக்கு இரண்டு முறைக்கு மேல் நடிக்கக் கூடாது, மீறினால் 40 ஷில்லிங் தண்டம். இதே கறார்தான் ஏட்டிலும் இருக்கிறது. ஒரே எழுத்தரின் கை பெரும்பகுதியை எழுதியிருக்கிறது. படி வந்து சேராத நாடகங்களுக்கு அவர் இடம் விட்டு, அடுத்ததற்குப் போயிருக்கிறார். திராட்சை மது வணிகர்கள் கானா ஊர்த் திருமணத்தை நடத்தினார்கள். தண்ணீர் இரசமாக மாறும் கதைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. அவர்களுடைய படி வரவில்லை. இரும்பு வணிகர்களின் நாடகத்தில் மகதலா மரியாள் சீமோன் வீட்டில் இயேசுவின் பாதங்களைக் கழுவுவாள். அதுவும் வரவில்லை. இரண்டு இடமும் வெறுந்தாளாகவே நின்றன.

வெறுந்தாள்கூட ஒதுக்கப்படாத ஒரு நாடகமும் உண்டு. மரியாளின் சவ ஊர்வலத்தைத் தடுக்க வந்து பாடையில் கை ஒட்டிக்கொண்ட ஒருவனின் கதை அது. அதைக் கல் கொத்தர்கள் நடத்தினார்கள். 1431 வாக்கில் அவர்கள் மன்றத்திடம் முறையிட்டார்கள்: இந்தக் கதை வேதத்தில் இல்லை, பார்ப்பவர்களுக்குப் பக்தி வருவதற்குப் பதில் சிரிப்பும் கூச்சலும் சிலசமயம் அடிதடியுமே வருகிறது, பொழுது சாயும் முன் முடிக்கவும் முடிவதில்லை, வேறு ஏதாவது கொடுங்கள். மன்றமும் அவர்களுக்கு ஏரோது மன்னனின் கதையில் இடம் கொடுத்தது. கை ஒட்டிக்கொண்டவனின் கதை பிற்காலத்தில் லினன் துணி நெய்பவர்கள் கைக்குப் போய், பிறகு அடியோடு கைவிடப்பட்டது. அந்த நாடகத்தின் ஒரு வசனமும் மிஞ்சவில்லை. ஆனால் மக்கள் அதைப் பார்த்து எப்படிச் சிரித்தார்கள் என்பது மிஞ்சியிருக்கிறது, ஒரு புகார் மனுவால்.

பதிவேடு எதற்குப் பயன்பட்டது என்பது பதினாறாம் நூற்றாண்டில் தெளிவாகிறது. பெருவிழா நாளில் நகர எழுத்தரோ அவருடைய உதவியாளரோ முதல் நிறுத்தத்தில், மடத்து வாசலில், இந்த ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார். வண்டிகள் ஒவ்வொன்றாக வரும். நடிகர்கள் பேசப் பேச இவர் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார். பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவர் ஜான் கிளார்க் என்ற உதவி எழுத்தர். ஏட்டின் ஓரங்களில் அவருடைய கையெழுத்து நிறைய இருக்கிறது. இங்கே சில வரிகள் குறைகின்றன. இங்கே புதிதாக ஒரு பேச்சைச் சேர்த்திருக்கிறார்கள். இந்தப் பகுதியைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள், நம்மிடம் அதன் படி இல்லை. இப்படிச் சின்னச் சின்னக் குறிப்புகள், சில லத்தீனில், சில ஆங்கிலத்தில்.

ஏட்டின் நடுப்பத்தியில் இருக்கும் கவிதையைவிட இந்த ஓரக் குறிப்புகள் சில நேரம் எனக்கு மேலாகத் தோன்றுகின்றன. நூறாண்டு முந்தைய எழுத்தில் நாடகம் உறைந்துவிடவில்லை என்பதற்கு அவையே சாட்சி. குழுக்கள் தங்கள் வசனத்தை மாற்றின, சேர்த்தன, வெட்டின. மன்றத்தின் ஏடு பின்தங்கிப்போனது, தெரு முன்னே போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்த உட்கார்ந்தவர்தான், அது எப்படி ஓடியது என்பதையும் நமக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நெசவாளர்களின் நாடகத்தில் இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது. மரியாளின் விண்ணேற்பைக் காட்டும் அந்த நாடகத்தில் வானதூதர்கள் பாடும் லத்தீன் பாடல்களுக்கு இரண்டு குரலுக்கான இசைக் குறியீடு ஏட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கால ஆங்கில நாடகங்களில் இசை இப்படி எழுத்தில் தப்பியது மிக அரிது.

அந்த நாடகம்தான் முதலில் அடிவாங்கியது. இங்கிலாந்து ரோமைவிட்டு விலகி, புரொட்டஸ்டன்ட் நாடாக மாறிக்கொண்டிருந்தது. 1548-ல் மரியாளின் மரணம், விண்ணேற்பு, முடிசூட்டு ஆகிய மூன்று நாடகங்களும் நிறுத்தப்பட்டன. கத்தோலிக்கரான மேரி அரசி ஆட்சிக்கு வந்ததும் 1554-ல் அவை திரும்பின. எலிசபெத் வந்ததும் 1561-ல் மறுபடியும் நின்றன. அரண்மனையில் முடி மாறும்போதெல்லாம் யார்க் தெருவில் மூன்று வண்டிகள் கூடின, குறைந்தன.

1567-ல் மன்றம் ஓர் உத்தரவு போட்டது: இன்னும் பதியாத நாடகங்களை எல்லாம் ஜான் கிளார்க் பழைய பதிவேட்டில் அழகாக எழுதிவைக்க வேண்டும். மது வணிகர், இரும்பு வணிகர் என்று பெயர் சொல்லியே உத்தரவு. இதற்குச் சில ஆண்டுகள் முன்பே துணி வெளுத்து அடிக்கும் குழுவின் நாடகத்தைப் பதிந்ததற்கு அவருக்கு 12 பென்ஸ் கூலி கிடைத்திருந்தது. இப்போது தொழிலாளர்களின் நாடகமான மரியாளின் சுத்திகரிப்பு ஏட்டுக்குள் வந்துவிட்டது, அதற்குரிய வரிசையில் இடம் இல்லாததால் வேறோர் இடத்தில். மது வணிகர்களும் இரும்பு வணிகர்களும் மட்டும் கடைசிவரை படியைக் கொடுக்கவில்லை. இரண்டே ஆண்டில், 1569-ல், நாடகம் கடைசியாக நடந்தது.

அன்று யாருக்கும் அது கடைசி என்று தெரியாது. ஒரே நாளில் வந்த தடையும் அல்ல அது. முந்தைய ஆண்டு, யார்க்கின் இன்னொரு நாடகமான விசுவாசப் பிரமாண நாடகத்தின் ஏட்டைப் பார்த்த பேராலயத் தலைவர் மாத்யூ ஹட்டன், நாற்பது ஆண்டு முன்பு இது பொறுக்கத் தக்கதாக இருந்திருக்கும், இப்போது படித்தவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தார். பிறகு பேராயர் எட்மண்ட் கிரின்டல் காலத்தில் நாடக ஏடுகள் ஒவ்வொன்றாகச் சோதனைக்குப் போயின. 1575-ல் அவற்றைத் திருப்பிக் கேட்க மன்றம் ஆள் அனுப்பியது. பிரமாண நாடகமும், அதைப் போலவே யார்க்கில் நடந்த கர்த்தர் கற்பித்த செபத்தின் நாடகமும் இன்று உலகில் இல்லை. 1579-ல் பெருவிழா நாடகத்தை நடத்தலாம் என்று மன்றம் தீர்மானித்து, முதலில் ஏட்டைப் பேராயரிடமும் ஹட்டனிடமும் கொடுத்துத் திருத்தி வாங்க வேண்டும் என்றது. நாடகம் நடக்கவில்லை. 1580-ல் நகர மக்கள் நடத்தச் சொல்லி மேயரிடம் மன்றாடினார்கள். ஆலோசிப்பதாக அவர் பதில் சொன்னார். அதோடு பேச்சு நின்றது.

ஏடு அடுத்துத் தலைகாட்டுவது 1695-ல். ஹென்றி ஃபேர்ஃபாக்ஸ் என்பவர் தன்னுடைய புத்தகம் என்று அதில் எழுதிவைத்திருக்கிறார். நகர மன்றத்தின் சொத்து தனியார் சொத்தாகியிருந்தது. அவருக்குப் பின் லீட்ஸ் நகரத்துப் பழம்பொருள் ஆர்வலர் ரால்ஃப் தோர்ஸ்பி கையில் இருந்தது. தோர்ஸ்பி 1725-ல் இறந்தார். அவருடைய சேகரிப்பு 1764-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது ஹொரேஸ் வால்போல் ஏட்டை ஒரு கினிக்கு வாங்கினார். ஆங்கிலத்தின் முதல் கோதிக் நாவலான 'ஒட்ரான்டோ கோட்டை'யை அவர் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். பழைய காலத்தின் மேல் அவருக்கு உண்மையான மோகம் இருந்தது. ஆனால் இந்த ஏடு ஸ்ட்ராபெரி ஹில் என்ற அவருடைய மாளிகையில் ஆயிரம் அரும்பொருள்களில் ஒன்றாகத்தான் கிடந்தது. 1842-ல் அந்த மாளிகைப் பொருள்கள் ஏலமானபோது விலை 220 பவுண்டைத் தாண்டியது. இரண்டே ஆண்டில் இன்னோர் ஏலத்தில் 300-ஐத் தாண்டியது. கடைசியில் ஆஷ்பர்ன்ஹாம் பிரபுவின் நூலகத்துக்குள் போய்ச் சேர்ந்தது. தன் சேகரிப்பை ஆய்வாளர்களுக்குத் திறக்காதவர் என்று பெயரெடுத்தவர் அந்தப் பிரபு.

அவருக்குப் பின் வந்த வாரிசுதான் கதவைத் திறந்தார். உள்ளே போனவர் லூசி டுல்மின் ஸ்மித். இந்த ஏட்டைப் படிக்க அவரைவிடத் தகுதியானவர் அன்று இருந்திருக்க முடியாது. அவருடைய தந்தை ஜோஷுவா ஆங்கிலத் தொழிற்குழுக்களின் பழைய ஆவணங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தபோதே 1869-ல் இறந்துபோனார். பாதியில் நின்ற அந்த நூலை மகள் முடித்து 1870-ல் வெளிக்கொண்டுவந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுக்கத் தயங்கிய காலம். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமலே, 1885-ல் அவர் பதிப்பித்த யார்க் நாடகங்கள் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாயின. மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு அந்த வசனங்கள் மறுபடியும் வாசகர் கைக்கு வந்தன. 1899-ல் ஆஷ்பர்ன்ஹாம் சேகரிப்பு விற்பனைக்கு வந்தபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஏட்டை 121 பவுண்டுக்கு வாங்கியது. ஐம்பது ஆண்டு முன்பிருந்த விலையில் பாதிகூட இல்லை.

1951-ல் பிரிட்டன் விழாவை ஒட்டி யார்க்கின் புனித மரியாள் மடத்து இடிபாடுகளில், மார்ட்டின் பிரவுனின் இயக்கத்தில், சுருக்கிய நாடகம் அரங்கேறியது. பாதிரியார் பர்விஸ் வசனங்களை இக்கால ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்திருந்தார். 1957-ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் மரியாளாக நடித்த உள்ளூர்ப் பெண் ஜூடி டென்ச். ஆனால் ஒரே இடத்தில் மேடை போட்டு, மாலை நேரத்தில் நடத்தியது அது. வண்டிகள் எப்படி இருந்தன, எப்படி ஓடின என்பதைப் பதிவேடு சொல்வதில்லை. அதில் வசனம் மட்டுமே.

வண்டியைக் கண்டெடுத்தவர்கள் ஆவணக் கட்டுகளைப் புரட்டியவர்கள். 1971-ல் அலெக்சாண்ட்ரா ஜான்ஸ்டன், மார்கரெட் டொரெல் இருவரும் 1433-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை அச்சில் வெளியிட்டார்கள். பெருவணிகர் குழு தன் நாடகமான பொதுத்தீர்வையின் பொருள்களை அந்த ஆண்டின் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்தபோது எழுதிய பட்டியல் அது. எதையும் தொலைக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. நான்கு சக்கர வண்டி. நரகத்தின் வாய். மூன்று பிசாசுகளுக்கு உடை. முகமூடி மூன்றே ஆனாலும் முகம் ஆறு. நல்ல ஆன்மாக்கள் இரண்டு, கெட்ட ஆன்மாக்கள் இரண்டு, அவர்களுக்குச் சட்டையும் பொய்முடியும். தகர எக்காளங்கள். கடவுளுக்கு, காயங்கள் தெரியும்படி ஒரு சட்டையும் பொன் பூசிய முகமூடியும். வண்டியின் பின்புறத்தில் சிவப்பு டமாஸ்க் திரை. இரும்பால் ஆன சொர்க்கம், அதைத் தாங்க நான்கு இரும்புக் கம்பிகள். மரத்தில் செய்த வானவில். சிவப்பு மேகம், நீல மேகம், பொன் நட்சத்திரம். கடவுள் உட்கார்ந்து மேலே போக ஓர் இரும்பு இருக்கை, நான்கு மூலையிலும் நான்கு கயிறு. சொர்க்கத்தில் ஓடித் திரிய, சிவப்புச் சாயம் பூசிய ஒன்பது குட்டி வானதூதர் பொம்மைகள். அவற்றை ஓட வைக்க ஒரு நீண்ட மெல்லிய கயிறு.

இதை வாசிக்கும் எவருக்கும் மேடை முழுக்கத் தெரிந்துவிடும். பழைய நாடகம் கரடுமுரடானது, ஏழ்மையானது, பின்னால் வந்த ஷேக்ஸ்பியருக்கு ஒரு முன்னுரை என்று பல காலம் சொல்லி வந்தார்கள். அந்த எண்ணத்தை இந்த ஒரு பட்டியலே தகர்த்துவிடும். பொறியும் கப்பியும் பொன்னும் சேர்ந்த செல்வமான கலை அது.

ஒரு கட்டில் இவ்வளவு கிடைத்தால் நாடு முழுவதும் எவ்வளவு கிடைக்கும்? இந்தக் கேள்வியிலிருந்து எழுந்தது டொராண்டோவில் ஜான்ஸ்டன் தொடங்கிய 'தொடக்ககால ஆங்கில நாடக ஆவணங்கள்' என்ற திட்டம், சுருக்கமாக ரீட். 1979-ல் அதன் முதல் வெளியீடுகளில் ஒன்றாக யார்க் ஆவணங்கள் இரண்டு தொகுதிகளாக வந்தன. பதிப்பாசிரியர்கள் அதே இருவர்; டொரெல் இப்போது மார்கரெட் ரோஜர்சன். அந்தத் திட்டம் நாடக வசனங்களை அச்சிடுவதில்லை. ஊர் ஊராக, மாவட்டம் மாவட்டமாக, 1642-ல் நாடாளுமன்றம் அரங்குகளை மூடிய காலம் வரையுள்ள மன்றக் குறிப்பு, ஆலயக் கணக்கு, வழக்குப் பதிவு, உயில் எல்லாவற்றிலும் ஆட்டம் பாட்டம் பற்றிய வரிகளைத் தேடி எடுக்கிறது. ராபின் ஹூட் வேடம் போட்டு ஆலயத்துக்குக் காசு திரட்டியவர்கள், கரடி ஆட்டியவர்கள், ஊர் இசைக்காரர்கள், மே மாத விளையாட்டுகள் எல்லாம் அப்படித்தான் திரும்பி வந்தன. யார்க்கிலேயே டிசம்பரில் புனித தோமா நாளில் யூல் என்பவனும் அவன் மனைவியும் வேடமிட்டுத் தெருவில் சவாரி போவார்கள், பின்னால் பெருங்கூட்டம் ஓடும். 1572-ல் கிரின்டலும் மற்றவர்களும் அதைத் தடுத்து எழுதிய கடிதத்தால்தான் அந்தச் சவாரியைப் பற்றி இவ்வளவாவது தெரிகிறது. தடுத்தவர்கள் விவரமாக எழுதினார்கள். ஆடியவர்களுக்கு எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை.

குழுக்களிடம் இருந்த மூலப்படிகளும் பெரும்பாலும் அழிந்தன. ஒத்திகையில் கைமாறிக் கைமாறிக் கிழிந்து போயின. நாற்பத்துச் சொச்சம் நாடகங்களில் ஒன்றே ஒன்றின் குழுப் படி தப்பியிருக்கிறது: உயிர்த்த இயேசுவைச் சந்தேகித்த தோமாவின் கதை, சென்னைப் பரங்கிமலையோடு மரபு சேர்த்துச் சொல்கிறதே, அதே தோமா. அதை நடத்தியது எழுத்தர்களின் குழு.

ஒரே நாளில் இத்தனை நாடகங்களையும் பல நிறுத்தங்களில் நடத்த முடியுமா என்று எழுபதுகளில் ஆய்வாளர்களிடையே சண்டை. முடியாது என்றார் ஆலன் நெல்சன். மணிக்கணக்குப் போட்டு முடியும் என்றார் டொரெல். டொராண்டோவில் 1977-ல் முழு நாடகத்தையும் வண்டியில் ஓட்டிப் பார்த்தார்கள். 1998-ல் நாற்பத்தேழையும் ஒரே நாளில், விடியலில் தொடங்கி நள்ளிரவு கடந்தும் நடத்தி முடித்தார்கள். அதே 1998-லிருந்து யார்க்கிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குழுக்கள் தங்கள் வண்டிகளைத் தெருவில் இழுக்கின்றன. சிலுவைச் சாவை நடத்துவது இப்போதும் கசாப்புக்காரர் குழுதான். அவர்களுடைய பழைய படி என்றோ அழிந்துவிட்டது. வசனத்தை மன்றத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.